குரல் கொடுக்க வைத்தவர்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு நிகழ்வுகளின் ஓர் அங்கமாகத் தம்புள்ளையில் நடைபெற்ற ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உங்களை உருவாக்கிய ஒருவரைப் பற்றி இருபது நிமிடம் பேசுங்கள்" என்று செயலாளர் என்னிடம் கேட்டார். நான் ஓர் ஆசிரியையைப் பற்றிப் பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். முன்வரிசையில் இருக்கும் என் ஆசிரியைகள் மன்னிக்க வேண்டும். இன்று நான் பேசப்போகிறவர் நம் கல்லூரி வாசலை மிதித்தவர் அல்லர். தமிழரும் அல்லர். நான் அவரை நேரில் கண்டதில்லை. ஆனால் இங்கே இருக்கும் நாற்பது வயதுக்காரிகள் எல்லோரும் அவரால் சிரித்திருக்கிறீர்கள். அவர் பெயர் டைட்டஸ் தொட்டவத்த.

பெயரைச் சொன்னதும் பலர் யோசிப்பது தெரிகிறது. சரி, "தொஸ்தர ஹொந்தஹித" என்று சொல்கிறேன். பாருங்கள், இப்போது எல்லா முகத்திலும் வெளிச்சம்! இயக்குநர்களின் விதி இதுதான். பெயர்ப் பட்டியல் ஓடத் தொடங்கும்போது பிள்ளைகள் எழுந்து விளையாடப் போய்விடுவார்கள்.

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். தம்புள்ளைச் சந்தியில் அப்பாவுக்குச் சிறிய பலசரக்குக் கடை இருந்தது. இன்று நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது பார்த்த பொருளாதார மத்திய நிலையமும் லொறி வரிசைகளும் அப்போது இல்லை. யாழ்ப்பாணத்துக்கும் திருகோணமலைக்கும் போகிற வாகனங்கள் தேத்தண்ணிக்கு நிற்கிற ஒரு சந்தி, அவ்வளவுதான். 1983 யூலையில் எனக்கு நான்கு வயது. மாத்தளையில் தமிழர் கடைகள் எரிகின்றன என்ற செய்தி வந்த அன்று, அடுத்த வீட்டுச் சிங்கள ஆச்சி எங்கள் ஐந்து பேரையும் தன் வீட்டுப் பின்னறையில் நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் இருத்தினார். மூன்று இரவுகள் அங்கே இருந்தோம். எனக்கு நினைவிருப்பது நெல்லின் மணமும், "சத்தம் போடாதே" என்று என் வாயைப் பொத்திய அம்மாவின் கையும்தான்.

அதன் பிறகு அம்மா என்னை வெளியே விளையாட விடவில்லை. கடையில் யாராவது பெயர் கேட்டால் நான் அப்பாவின் சாரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். சிங்களம் காதில் விழுந்தால் பயம். அதுவும் உரத்துக் கேட்டால் அழுதுவிடுவேன். நான் போகிற ஒரே வீடு ஆச்சியின் வீடு. அங்கே ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி இருந்தது. மின்சாரம் இல்லாத நாட்களில் அவருடைய மகன் வாகன பற்றரியைக் கழற்றிக் கொண்டுவந்து இணைப்பார்.

எனக்கு ஏழு, எட்டு வயதானபோது அந்தப் பெட்டிக்குள் ஒரு வைத்தியர் வந்தார். மிருகங்களோடு பேசுகிற வைத்தியர். நாய் பேசியது, வாத்துப் பேசியது, கிளி பேசியது, எல்லாம் சிங்களத்தில். நான் பயப்படாமல் கேட்ட முதல் சிங்களம் அந்த மிருகங்களின் சிங்களம். ஆச்சியின் மடியில் இருந்துகொண்டு, "அந்த நாய் என்ன சொல்கிறது?" என்று தமிழில் கேட்பேன். ஆச்சிக்குத் தமிழ் தெரியாது. நாய் சொன்னதையே அவர் மெதுவாகத் திருப்பிச் சொல்வார், கையால் காட்டுவார். இப்படித்தான் நான் சிங்களம் படித்தேன். "ஹொந்தஹித" என்றால் நல்ல மனம். நல்ல மனசு டாக்டர்! பெரியவளானதும் நானும் அப்படி ஒரு டாக்டர் ஆவேன் என்று ஆச்சியிடம் சொன்னேனாம். எனக்கு நினைவில்லை, ஆச்சி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி அந்த மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். டைட்டஸ் தொட்டவத்த பிறந்தது 1929இல். இளமையில் அரசாங்கத் திரைப்படப் பிரிவில் வேலை செய்தார். அங்கே லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக் என்ற இருவரும் அவருக்குச் சகாக்கள். மூவரும் அரசாங்க வேலையை விட்டு வெளியேறி ஒரு படம் எடுத்தார்கள். அதுதான் 1956இல் வெளிவந்த "ரேகாவ". ஸ்ரூடியோச் சுவர்களுக்குள் எடுத்து வந்த சிங்கள சினிமாவை வெயிலுக்கும் வயலுக்கும் கொண்டுவந்த படம். அடுத்த ஆண்டு கான் திரைப்பட விழாப் போட்டிக்கும் போனது. அதைத் தொகுத்தவர் தொட்டவத்த. அந்தப் படத்தின் கதை உங்களுக்குத் தெரியுமா? கைராசி உள்ளவன் என்று ஊர் நம்பும் ஒரு சிறுவனின் கதை. அவன் தொட்டதும் ஒரு சிறுமிக்குப் பார்வை திரும்புகிறது. பிறகு பெரியவர்கள் அந்தக் கையைக் காசாக்கப் பார்க்கிறார்கள். வைத்தியத் தொழிலில் இருக்கும் நான் அந்தப் படத்தை எப்போது பார்த்தாலும் கொஞ்சம் கூசிப்போவேன்.

பின்னர் அவரே படங்களை இயக்கினார். 1965இல் வந்த "சண்டியா" மிகவும் பேசப்பட்டது. தலைப்பைப் பாருங்கள், நம் ஊர்ச் சண்டியர்தான்! 1979இல் சிறுவர்களுக்காக "ஹந்தயா" என்ற படத்தை எடுத்தார். அது 1980இல் இத்தாலியின் ஜிஃபோனி சிறுவர் திரைப்பட விழாவில் பெரும் பரிசு பெற்றது. சிறுவருக்குப் படம் எடுப்பது சின்ன வேலை என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். சண்டைப் படம் எடுத்துப் பெயர் வாங்கிய ஒருவர் ஐம்பது வயதில் பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

1982இல் ரூபவாஹினி கூட்டுத்தாபனம் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் இந்த நாட்டுக்கே தொலைக்காட்சி வந்திருந்தது. புதிய பெட்டிக்குப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி எங்கிருந்து வரும்? வெளிநாட்டிலிருந்துதான், அதுவும் ஆங்கிலத்தில். அந்த நிலையில் தொட்டவத்த ரூபவாஹினியில் மொழிமாற்றுக் குரல் சேர்க்கும் பணிக்குப் பொறுப்பாக இருந்து அதை வளர்த்தெடுத்தார். டொக்டர் டூலிட்டில் "தொஸ்தர ஹொந்தஹித" ஆனார். பக்ஸ் பனி என்ற முயல் "ஹா ஹா ஹரி ஹாவா" ஆகியது. "பிஸ்ஸு பூசா" என்று ஒரு பைத்தியக்காரப் பூனையும் வந்தது.

இதில் என்ன பெரிய வித்தை என்று நீங்கள் கேட்கலாம். குரல் சேர்க்கிற வேலையை எண்ணிப் பாருங்கள். திரையில் வாய் அசையும் நேரத்துக்குள் வசனம் முடிய வேண்டும். ம, ப போன்ற எழுத்துகளுக்கு உதடு மூட வேண்டும், ஆ என்றால் திறக்க வேண்டும். ஆங்கிலத்தில் மூன்று சொல்லில் முடிகிற பகிடி நம் மொழிகளில் எட்டுச் சொல் கேட்கும். அந்த எட்டையும் மூன்றுக்குள் அடக்க வேண்டும், பகிடியும் சாகக் கூடாது. சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 படச் சட்டங்கள். அவற்றை வெட்டி ஒட்டிப் பழகிய கை தொட்டவத்தவின் கை. எந்த இடத்தில் ஒரு மூச்சு விட வேண்டும் என்பது அந்தக் கைக்குத் தெரியும். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அவர் வசனத்தை மொழிபெயர்க்கவில்லை. அந்த நாயும் வாத்தும் நம் சந்தியில் பிறந்து வளர்ந்தவை போலப் பேசின. அவை வெளிநாட்டு மிருகங்கள் என்று நான் நினைத்ததே இல்லை.

இந்தப் பாடத்தை நான் கற்றது நம் கல்லூரி விடுதியில். ஆறாம் ஆண்டில் விடுதிக்கு வந்தேன். சனிக்கிழமைகளில் ஒரு மணித்தியாலம் தொலைக்காட்சி பார்க்க அனுமதி. மறு ஒளிபரப்பில் தொஸ்தர ஹொந்தஹித வந்தார். தோட்டங்களிலிருந்து வந்த சின்னப் பிள்ளைகளுக்குச் சிங்களம் விளங்காது. விடுதிப் பொறுப்பாசிரியை என்னைக் கூப்பிட்டு, "உனக்குத்தானே சிங்களம் தெரியும், பெட்டிக்குப் பக்கத்தில் நின்று இதுகளுக்குச் சொல்லு" என்றார். சத்தத்தைக் குறைத்துவிட்டு நான் தமிழில் சொல்லத் தொடங்கினேன். சொல்லுக்குச் சொல். ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது மேல் வகுப்பு அக்கா ஒருவர் சொன்னார்: "அந்த நாய் சொன்னதை ஏன்டி சொல்றே? உங்க வீட்டு நாய்க்கு வாய் இருந்தா என்ன சொல்லும்? அதைச் சொல்லு."

அடுத்த சனிக்கிழமை வாத்து எங்கள் சமையலறை அக்காவைப் போலப் பேசியது. கிளி, மன்னிக்க வேண்டும், அப்போதைய உப அதிபரைப் போலப் பேசியது. விடுதியே விழுந்து விழுந்து சிரித்தது. அன்று கதவுக்கு வெளியே உப அதிபர் நின்றார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். அவர் தண்டிக்கவில்லை. "கிளி இன்னும் கொஞ்சம் ஆறுதலாகப் பேசட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இந்தக் கல்லூரியின் பெருந்தன்மைக்கு வேறு சாட்சி எனக்குத் தேவையில்லை.

வைத்தியரான பிறகு அந்தப் பாடம் ஒருமுறை மறந்துபோனது. அதையும் சொல்லத்தான் வேண்டும். உள்ளகப் பயிற்சிக் காலம். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இருமலோடும் இழுப்போடும் அனுமதிக்கப்பட்டிருந்தான். மருந்து கொடுத்தும் குணமில்லை. எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை. ஏதாவது விழுங்கினானா, புரைக்கேறியதா என்று நான் புத்தகச் சிங்களத்தில் கேட்டேன். பாட்டி இல்லை என்றார். பையன் சுவரைப் பார்த்தான். "இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். அந்த ஒரு சொல்லால் இரண்டு நாட்கள் வீணாகின. அந்தத் தவறு என்னுடையது.

மூன்றாம் நாள் இரவு மீண்டும் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டேன். இழுப்பு ஒரு பக்கத்தில்தான். அவன் கையில் பாட்டி தைத்துக் கொடுத்த ஒரு துணி நாய் இருந்தது. எங்கிருந்து வந்ததோ தெரியாது, நான் பையனை விட்டுவிட்டு அந்த நாயிடம் கேட்டேன்: "உனக்கு எப்போதிருந்து இருமல்?" கொஞ்ச நேரம் மௌனம். பிறகு நாய் பேசியது, கீச்சுக் குரலில். "பஸ்ஸில் கச்சான் சாப்பிட்டேன். சாப்பிட வேண்டாம் என்று ஆச்சி சொன்னவ. சிரிச்சேன். இருமல் வந்தது. அடிப்பா என்று சொல்லவில்லை." பாட்டி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கச்சான் எக்ஸ்ரேயில் தெரியாது. கதைதான் காட்டிக்கொடுக்கும். அன்றிரவே பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினோம். மூச்சுக்குழாய்க்குள் கருவி செலுத்திக் கச்சான் துண்டை எடுத்தார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டான்.

வாயில்லாத ஒன்றுக்கு அவன் குரல் கொடுத்தான். அதன் வழியாகத் தன் குரலைக் கண்டுபிடித்தான். நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் வாய் பொத்தப்பட்ட ஒரு சிறுமிக்கு நடந்ததும் இதுதான் என்று அன்றிரவு விளங்கியது.

2011 ஒக்டோபர் 15ஆம் திகதி டைட்டஸ் தொட்டவத்த காலமானார். இரவுக் கடமையில் இருந்தபோது ஒரு சிங்களத் தாதி, "டொக்டர், எங்கட தொஸ்தர ஹொந்தஹித செய்தவர் போய்விட்டார்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். அந்த நிமிடம்வரை எனக்கு அவர் பெயர் தெரியாது. எத்தனை நூறு தடவை அது என் கண்முன்னால் ஓடியிருக்கும்! எனக்கு அப்போது சிங்களம் காதால்தான் தெரியும், எழுத்துத் தெரியாது. எழுத்துத் தெரிந்த வயதில் நின்று வாசிக்கப் பொறுமை இல்லை.

பிறகுதான் தேடி வாசித்தேன். டூலிட்டில் கதையை எழுதிய ஹியூ லொஃப்டிங் முதலாம் உலகப் போரில் பதுங்குகுழியில் கிடந்தவர். காயம்பட்ட குதிரைகளுக்கு மருந்து கட்ட ஆளில்லாமல் போவதைக் கண்டவர். பார்த்ததை வீட்டிலிருந்த பிள்ளைகளுக்கு எழுத மனம் வராமல், மிருகங்களின் மொழி தெரிந்த ஒரு வைத்தியரைக் கற்பனை செய்து கடிதங்களில் எழுதினார். அது 1920இல் புத்தகமாகியது. ஒரு யுத்தத்தில் பிறந்த கதை, கடல் கடந்து, இன்னொரு யுத்தத்துக்குள் இருந்த என்னிடம், ஒரு சிங்களக் கலைஞரின் கையால் வந்து சேர்ந்தது.

ஆனால் அது எல்லோரிடமும் வந்து சேரவில்லை. பிதுருதலாகலை உச்சியிலிருந்து வந்த அலை எங்களுக்குக் கிடைத்தது. வடக்கே கொக்காவில் கோபுரம் 1990இல் யுத்தத்தில் அழிந்தது. அது மீண்டும் எழுந்தது 2011இல், தொட்டவத்த மறைந்த அதே ஆண்டில். அந்த இருபத்தொரு ஆண்டுகளில் அங்கே வளர்ந்த பிள்ளைகள் வானத்தைப் பார்த்தது வேறு காரணத்துக்காக.

இன்னொன்றும் மனத்தில் கிடக்கிறது. சில வருடங்களுக்கு முன், தோட்டப் பகுதியிலிருந்து வந்த ஆறு வயதுத் தமிழ்ச் சிறுமி ஒருத்தி எங்கள் சிறுவர் பிரிவில் இருந்தாள். மாலையில் தொலைக்காட்சியில் ஒரு சிங்களக் கார்ட்டூன். மற்றப் பிள்ளைகள் சிரிக்க, அவள் அவர்களின் முகங்களைப் பார்த்துச் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமலே சிரித்தாள். என்னைக் கண்டதும் கேட்டாள்: "டாக்டரம்மா, இந்த நாய்க்குத் தமிழ் தெரியாதா?"

நான் அவளுக்கு என்ன பதில் சொல்வது? நம் பிள்ளைகளுக்கு இலங்கை வானொலியில் "சிறுவர் மலர்" இருந்தது. வானொலி மாமா இருந்தார். ஆனால் தொலைக்காட்சியில், என் சிறு வயதில், தமிழ் பேசிய ஒரு கார்ட்டூன் மிருகத்தையும் நான் சந்திக்கவில்லை. இதில் தொட்டவத்தவைக் குறை சொல்ல எதுவுமில்லை. அவர் தன் பிள்ளைகளுக்குத் தன் மொழியில் செய்ய வேண்டியதைச் செய்தார். அந்தச் சாப்பாட்டில் எனக்கும் ஒரு பிடி கிடைத்தது. நம் மொழியில் அப்படி ஒருவர் ஏன் வரவில்லை என்பது நாம் நம்மிடம் கேட்க வேண்டிய கேள்வி.

அன்று நான் அந்தச் சிறுமியின் கட்டிலில் உட்கார்ந்து, பதினொரு வயதில் விடுதியில் செய்ததைச் செய்தேன். நாய் தமிழில் பேசியது. பக்கத்துக் கட்டில் சிங்களப் பையன், "டொக்டர், அது இப்ப என்ன சொல்லிச்சு?" என்று என்னிடம் கேட்டான். ஆச்சியின் மடியில் நான் கேட்ட அதே கேள்வி, மறுபக்கத்திலிருந்து.

சகோதரிகளே, நூற்றாண்டுக்கு என்ன நினைவுச் சின்னம் எழுப்பலாம் என்று பல கடிதங்கள் வந்திருப்பதாகச் செயலாளர் சொன்னார். நுழைவாயில் வளைவு நல்லதுதான், மணிக்கூட்டுக் கோபுரமும் நல்லதுதான். நான் ஒரு சின்ன விண்ணப்பத்தை வைக்கிறேன். நம்மிடம் நூறு வருடக் குரல்கள் இருக்கின்றன. பேச்சுப் போட்டியில் கிண்ணம் வாங்கிய குரல்கள், நாடகத்தில் ராஜா வேஷம் போட்ட குரல்கள், டொரன்டோவிலும் லண்டனிலும் மெல்பேர்னிலும் தமிழ் பேச ஆளில்லாமல் துருப்பிடிக்கிற குரல்கள். ஒவ்வொருவரும் ஒரு கதை, ஐந்து நிமிடம், உங்கள் கைத்தொலைபேசியில் பதிந்து அனுப்புங்கள். நரி, முயல், காகம், எதுவானாலும் சரி. புத்தகத் தமிழ் வேண்டாம். உங்கள் வீட்டு நாய்க்கு வாய் இருந்தால் என்ன சொல்லுமோ அதைச் சொல்லுங்கள். சிங்களத்தில் சொல்லத் தெரிந்தவர்கள் சிங்களத்திலும் சொல்லுங்கள். நம் மாவட்டத்து வைத்தியசாலைகளின் சிறுவர் பிரிவுகளுக்கு அவற்றைக் கொண்டு சேர்க்க உரிய அனுமதிகளைப் பெறும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். முதல் கதை என்னுடையது. அதில் ஒரு கிளி வரும். அது யாரைப் போலப் பேசும் என்பதை இங்கே சொல்ல மாட்டேன்.

கடைசியாக ஒன்று. ஆச்சி காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அவர் வீடு இருந்த இடத்தில் இப்போது வெங்காயக் களஞ்சியம் நிற்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் இரண்டு பேரை நினைத்துக்கொள்வேன். பயந்த பிள்ளையை மடியில் வைத்திருந்த ஒருவர். அந்தப் பிள்ளைக்கு ஒரு மொழியைச் சிரிப்போடு அனுப்பிவைத்த இன்னொருவர். இரண்டு பேருக்கும் நன்றி சொல்ல எனக்குக் கிடைத்த மேடை நம் கல்லூரியின் மேடை. அதற்காகக் கல்லூரித் தாய்க்கு என் நன்றி.

இனிமேலாவது பெயர்ப் பட்டியல் ஓடும்போது கொஞ்சம் உட்கார்ந்திருப்போம்.